கருணை மதிப்பெண்

ஜனவரி 9, வியாழன்

இன்று கண் மருத்துவமனை. மூன்று மணி நேரம் காத்திருந்தோம், பார்த்தது பத்து நிமிடம். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் இவர் வரும் வழியெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மருந்து விடாத நாட்களிலும் இப்போது அப்படித்தான் நடக்கிறோம். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பேருந்தில் உட்கார்ந்ததும், "என்ன போட்டிருக்காங்க, படி" என்றார்.

அறிக்கையைப் பிரித்தேன். பார்வை வட்டம்: வலது கண் 10 டிகிரி, இடது கண் 8. போன ஆண்டு 18, 15.

"பெரிசா மாற்றம் இல்லைன்னு போட்டிருக்கு" என்றேன்.

"நெஜமாவா?"

"ம்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் கொஞ்சம் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சிக்காகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் அடித்தட்டிலிருந்து கோணமானியை எடுத்தேன். முப்பத்து மூன்று வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு எதையும் வரைந்து பார்த்தால்தான் மனசில் ஏறும். பத்து டிகிரி வரைந்து இரண்டு கோடுகளையும் நீட்டினேன். கை நீட்டும் தூரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தின் வாய் அளவு வந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் எதையும் அவர் கழுத்தைத் திருப்பித்தான் தேட வேண்டும். வட்டத்துக்குள் இருப்பதும் தெளிவாக இல்லை.

வரைந்த தாளைக் கிழித்தேன். அறிக்கையை நீலக் கோப்பில் வைத்தேன்.

ஜனவரி 22, புதன்

காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை படித்துக் காட்டினேன். தொண்டை கட்டிவிட்டது. வகுப்பில் கூட இவ்வளவு பேசியதில்லை.

உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் உதாரணம் வைத்திருக்கிறேன். மருத்துவமனையில் ஒரு நர்ஸ், குழந்தையின் எடையையும் மருந்தின் பெயரையும் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். எத்தனை சொட்டு, எத்தனை மில்லி என்று திரையில் வருகிறது. அந்தக் கணக்கைப் போடும் மென்பொருளை எழுதுகிறவர்களில் இவர் ஒருவர். பதினெட்டு வருடமாக. ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர்கள் அதோடு வாயை மூடிக்கொள்வார்கள்.

இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வேலை. கண் மங்க மங்க எழுத்தைப் பெரிதாக்கினார். பிறகு இன்னும் பெரிதாக்கினார். இப்போது திரையில் நான்கு சொல்தான் கொள்கிறது. அதனால் நான் பக்கத்து நாற்காலி.

"அடைப்புக்குறி திற. எடை. சின்னது. இரண்டு புள்ளி ஐந்து. அடைப்புக்குறி மூடு."

"டீச்சர், டிக்டேஷன் மாதிரி படிக்காத. நீ அடைப்புக்குறிய மூடுறதுக்குள்ள எனக்குக் கொட்டாவி வந்துடுது."

"கொட்டாவி விட்டா பெஞ்சு மேல ஏத்திருவேன்."

சிரித்தார். இப்படி ஒரு சிரிப்பு வந்த நாள் நல்ல நாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மகள் போன் செய்தாள். அவள் ஊரில் பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் ஒரு நிலையம் இருக்கிறதாம். அவர்களுடைய ஆள் ஒருவர் எங்கள் ஊரிலும் இருக்கிறாராம்.

"அப்பா இருக்கற சிஸ்டத்துல பேசற வசதி சரியா வராதும்மா. அவர் யூஸ் பண்ற டூலுக்கு அது ஒத்து வரல. வேற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறணும். எல்லாத்தையும் டைப் பண்ணியே செய்யறது. பதிலும் வரி வரியா எழுத்தா வரும். அத கம்ப்யூட்டரே படிச்சுக் காட்டும்."

இருக்கிற சிஸ்டத்தில் பேசும் வசதியைப் போட்டுப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. இவருடைய வேலைத் திரையில் அது சொன்னதெல்லாம், "பொத்தான். பொத்தான். பெயரில்லாத படம். பொத்தான்." ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, "வீட்டு முகவரி கேட்டா இது சட்டைப் பொத்தான எண்ணிக் காட்டுது" என்று அணைத்துவிட்டார்.

மகள் சொன்னதை இவரிடம் சொன்னேன்.

"இருபத்திரண்டு வருஷமா இதுலதான் இருக்கேன். எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியும்" என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, நான் காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்று சொன்னார்: "அதுக்கு மாறினா, கண்ணு போயிடுச்சுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

பேச்சை மாற்றினேன். அதில் நான் கெட்டிக்காரி.

பிப்ரவரி 18, செவ்வாய்

பயிற்சியாளர் வந்தார். சும்மா பேசிவிட்டுப் போக என்று சொல்லித்தான் இவரைச் சம்மதிக்க வைத்தேன். நாற்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. இரண்டு பேருந்து மாறி, வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வாசலில் நின்றார்.

அறை இருட்டாக இருந்தது. இவருக்கு வெளிச்சம் கூசுவதால் திரைச்சீலையை மூடியே வைத்திருக்கிறோம்.

"லைட்டப் போட்டுக்கங்க டீச்சர்" என்றார். "எனக்கில்ல. நீங்க எங்கயாவது இடிச்சுக்கப் போறீங்க."

தன் கம்ப்யூட்டரை மடியில் வைத்து இயக்கிக் காட்டினார். தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒரு சத்தம். அது பேச்சு என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த வேகத்தில் அவர் கேட்டுப் புரிந்துகொள்கிறாராம். திரை கறுப்பாகவே இருந்தது.

"ஸ்க்ரீன் ரிப்பேரா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வீணா எரியணும்?"

இவர் ஒன்றும் கேட்கவில்லை. விடைபெறும்போது மட்டும், "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார். பயிற்சியாளர் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டே, "யோசிங்க சார். ஆனா ஒண்ணு. யாரையாவது பக்கத்துல வெச்சுப் படிக்கறது சுகமா இருக்கும். அந்தச் சுகம் பழகிட்டா வெளிய வர்றது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது?

மார்ச் 3, திங்கள்

வங்கியில் கண்ணாடிக் கதவில் மோதிவிட்டார். நெற்றியில் மூன்று தையல். காவலாளி, "பாத்து வரக்கூடாதா" என்றான். இவர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார்.

மார்ச் 6, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்திருக்கிறேன். சரியா தவறா என்று இப்போது யோசிக்க வேண்டாம். நாளைக் காலையில் அவரிடம் சொல்லிவிடலாம்.

பச்சைக் குழந்தைகளுக்கான கணக்கில் ஒரு திருத்தம். மாலை ஐந்துக்குள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் முன் சோதனைகளை ஓட்ட வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு. ஒவ்வொன்றும் ஒரு கேள்வி மாதிரி, விடை ஏற்கனவே தெரியும். இந்த எடை, இந்த மருந்து, எவ்வளவு வர வேண்டும்? இவருடைய மென்பொருள் அதே விடையைத் தந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

முதல் தடவை ஒன்பது சிவப்பு. திருத்தினார். ஆறு. மறுபடி திருத்தினார். நெற்றிக் கட்டில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்.

நாலரை மணிக்கு மூன்றாம் தடவை ஓட்டினார். "எத்தனை?" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். நான்கு சிவப்பு.

அவர் முகத்தைப் பார்த்தேன். விடைத்தாள் கொடுக்கும் நாளில், கடைசி பெஞ்சில், பெயரைக் கூப்பிடும் முன்பே எழுந்து நிற்கும் பிள்ளைகளின் முகம்.

போன மாதம் அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், சில சோதனைகள் மெஷின் மந்தமாக இருந்தால் காரணமே இல்லாமல் சிவப்பாக விழும், மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும் என்று. இந்த நான்கும் அப்படித்தான் இருக்கும்.

"எல்லாம் பச்சை" என்றேன்.

அனுப்பினார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தேநீர் கொண்டுவந்தேன். கோப்பையை வாங்கும்போது என் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

தேர்ச்சிக்கு ஒரு மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ தடவை ஒன்று போட்டிருக்கிறேன். யாரும் கெட்டுப்போனதில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையில் சொல்லவில்லை. தையல் பிரிக்கிற நாள் கேட்கப் போனோம், வந்தோம், அவர் நன்றாகத் தூங்கியிருந்தார், நல்ல மனநிலையில் இருந்தார். சொல்லலாம் சொல்லலாம் என்று பதினொன்று ஆகிவிட்டது.

பதினொன்றுக்குக் குழுத்தலைவி போன் செய்தாள். இவரைவிட இருபது வயது சின்னவள், மரியாதையான பெண். இவர் போனை எப்போதும் சத்தமாகத்தான் வைப்பார்.

"சார், நேத்து நீங்க அனுப்பினதுல நாலு டெஸ்ட் விழுது. ரெண்டரை கிலோவுக்குக் கீழ இருக்கற குழந்தைங்களுக்கு டோஸ் ரெட்டிப்பா வருது. இங்கயே புடிச்சுட்டோம், வெளிய போகல. நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

இவர் தலை என் பக்கம் திரும்பியது. நான் சமையலறை வாசலில் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. ஆனாலும் திரும்பியது.

"பாத்தேன்மா. நான்தான் சரியாப் பாக்கல" என்றார்.

போனை வைத்தார்.

"எத்தனை இருந்துச்சு?"

"நாலு."

"என்ன கலர்?"

"சிவப்பு."

வேறு எதுவும் கேட்க மாட்டார் என்று நினைத்தேன். ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "கண்ணு போறது கூட எனக்குப் பழகிடும். நீ சொல்றத நம்ப முடியாதுன்னா நான் எங்க போவேன்?"

எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே, படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரெட்டிப்பு. ரெண்டரை கிலோ. ஏன் செஞ்சேன்? பாவமா இருந்துச்சு, அதான். யார் மேல பாவம்? அவர் மேலயா, அவர் முகத்தைப் பாக்க முடியாத என் மேலயா? அந்த நாலு சிவப்புக்குப் பின்னால எங்கயோ ஒரு குழந்தை இருக்குன்னு எனக்குத் தெரியாதா — நான்தானே ஊரெல்லாம் உதாரணம் சொல்றேன் —

ஒரு மார்க் போட்டு பாஸ் பண்ணின பிள்ளைங்க யாரும் கெட்டுப்போகலன்னு நேத்து எழுதியிருக்கேன். எனக்கெப்படித் தெரியும்? யார் போய்ப் பார்த்தா?

மார்ச் 8, சனி

பேசவில்லை. நானும் பேசவில்லை.

மார்ச் 12, புதன்

குழுத்தலைவியிடமிருந்து மறுபடி போன். அவள் குரலில் சங்கடம் தெரிந்தது.

"ஜூன் முப்பதுக்குள்ள ஒரு பகுதிய நீங்களே ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் பண்ணிக் காட்டணும்னு மேல சொல்றாங்க சார். பக்கத்துல யாரும் உதவி பண்ணாம. இல்லன்னா கையேடு எழுதற பிரிவுக்கு மாத்திடுவாங்க. நான் எவ்வளவோ பேசிப் பாத்தேன்."

"நியாயம்தாம்மா" என்றார் இவர்.

போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஐந்து நாளில் முதல் வார்த்தை. "அந்த தம்பி நம்பர் எங்க இருக்கு?"

எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு இலக்கமாக. படித்து முடித்ததும், "இன்னொரு தடவ" என்றார். இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்.

மார்ச் 24, திங்கள்

புது சிஸ்டம் போட்ட நாள். பயிற்சியாளர் ஒரு சின்னக் குச்சி மாதிரி இருந்த பென்டிரைவில் எல்லாம் கொண்டுவந்தார். நிறுவுவதற்கு ஆரம்பத்திலிருந்தே அது பேசிக்கொண்டே வரும், கண் தேவையில்லை என்றார். என்னைப் பார்த்து, அதாவது என் குரல் இருந்த பக்கம் பார்த்து, "டீச்சர், நீங்க கிச்சன்ல இருந்தா நல்லது. ஏதாவது தெரிஞ்சா சொல்லிடுவீங்க" என்றார்.

சமையலறையில் இருந்தேன். குரல் கேட்டது. ஓர் ஆணின் குரல், உணர்ச்சியே இல்லாமல், மெதுவாக. ஒவ்வொரு கேள்விக்கும் இவர் விசையைத் தட்டும் சத்தம். பழைய கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் குரல், பழைய சிஸ்டத்தை முழுவதும் அழித்துவிடலாமா, இதைத் திரும்பப் பெற முடியாது என்றது.

விசைச் சத்தம் வரவில்லை. குழாயில் சொட்டும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பயிற்சியாளரும் அவசரப்படுத்தவில்லை. அந்தக் குரல் மட்டும் அதே கேள்வியை அதே தொனியில் இன்னொரு முறை கேட்டது.

பிறகு ஒரு தட்டல்.

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஏப்ரல் 2, புதன்

விரல்கள் பழைய பழக்கத்திலேயே போகின்றன என்கிறார். நகல் எடுக்க ஒன்றைத் தட்டினால் இங்கே வேறொன்று நடக்கிறது. நேற்று எழுதியதெல்லாம் ஒரு நொடியில் மூடிக்கொண்டது.

எனக்கு இது தெரியும். இரண்டாவது பள்ளிக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு மாதம் வரை என் கால் பழைய நிறுத்தத்தில்தான் இறங்கியது. பாடம் அதேதான், கரும்பலகை அதேதான். மணி அடிக்கும் நேரமும் படிக்கட்டு இருக்கும் பக்கமும் மாறிவிட்டால் மனுஷி திகைத்துப்போகிறாள். இதை அவரிடம் சொன்னேன்.

"அப்புறம் எப்ப சரியாச்சு?"

"ஒரு நாள் இறங்க வேண்டிய எடத்துலயே இறங்கினேன். அத கவனிக்கவே இல்ல. மறுநாள்தான் தெரிஞ்சுது."

"ம்" என்றார். கொஞ்சம் பேசுகிறோம். ஆனால் எதையும் படிக்கச் சொல்வதில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

திரை இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. தேநீர் வைக்கப் போனபோது கண்ணில் பட்டது. ஒரு வரியில் அடைப்புக்குறி திறந்திருக்கிறது, மூடவில்லை. அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார். குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவர் கேட்க, திரும்பப் போக, மறுபடி கேட்க.

தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்கும்போது பிள்ளையின் தாளில் தப்பு தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த மேசைக்கு நடக்க வேண்டும். அப்படி நடந்தேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

"டீச்சர், நடக்கறது நின்னா நல்லா இருக்கும்."

வெளியே வந்து உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம். அப்புறம் உள்ளிருந்து, "அடச் சீ, இதானா" என்ற குரல் கேட்டது.

சொல்லாமல் இருந்தது சரியா? தெரிந்தும் பேசாமல் இருப்பதும் ஒரு வகைப் பொய்தானே? இல்லை. அவர் கேட்கவில்லை. கேட்டதற்குத் தப்பாகச் சொல்வது வேறு, கேட்காததற்குச் சும்மா இருப்பது வேறு. இந்த வயதில் இதைத் தனியாக உட்கார்ந்து படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

நீலக் கோப்பு மேல்தட்டில் இருந்தது. நான் நடுத்தட்டில்தானே வைப்பேன்? தூசு தட்டும்போது மாற்றியிருப்பேன்.

மே 5, திங்கள்

எனக்கு வேலை இல்லை. ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். அவை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தன.

மே 20, செவ்வாய்

"ஸ்க்ரீன அணைச்சுடு. அந்த வெளிச்சம் உறுத்துது" என்றார். எங்கே அணைப்பது என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். இப்போது அவரே விரலால் தடவி அணைத்துக்கொள்கிறார்.

குரலின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. முதல் வாரம் எனக்கும் எல்லாம் கேட்டது. போன வாரம் பாதி கேட்டது. இன்று ஒன்றுமே பிடிபடவில்லை. அதே தகரக் கூரை மழை. அவர் கறுப்புத் திரை முன்னால் தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்து அந்த மழைக்குள்ளிருந்து எதையோ பொறுக்கி எடுக்கிறார். நான் அறைக்குள் நின்றாலும் வெளியேதான் நிற்கிறேன்.

மதியம் சோதனைகளை ஓட்டினார். குரல் கடகடவென்று எதையோ சொல்லி நின்றது.

"எத்தனை?" என்று இந்தத் தடவை நான் கேட்டேன்.

"மூணு விழுந்துடுச்சு."

"அடடா."

"நல்லது" என்றார். முகத்தில் வருத்தமே இல்லை. "மூணுன்னா மூணுன்னு சொல்லுது பாரு."

என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

ஜூன் 9, திங்கள்

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மார்ச் ஆறு உட்பட.

"ஆறாவதுல நான் ஃபெயிலானப்ப நீதானம்மா பேப்பர் திருத்தின. ஒரு மார்க் கூட போடலயே" என்றாள்.

ஆமாம். ஞாபகம் இருக்கிறது. அப்போது என்னால் முடிந்தது.

ஜூன் 27, வெள்ளி

அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வரக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். வரவேற்பறையில், கழுத்தில் விருந்தினர் அட்டையோடு உட்கார்ந்தேன். எதிரே மீன் தொட்டி. உள்ளே ஏழு மீன்கள். இரண்டரை மணி நேரத்தில் பலமுறை எண்ணினேன்.

செய்ய வேண்டியது இதுதான்: அங்கே உள்ளவர்கள் மென்பொருளில் ஒரு தவறைப் போட்டு வைப்பார்கள். எங்கே என்று சொல்ல மாட்டார்கள். இவர் தன் கம்ப்யூட்டரில், தனியாக, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து காட்ட வேண்டும். மூன்று மாதமாகச் செய்த பகுதியையும் அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

நடுவில் குழுத்தலைவி தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். என்னைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேரில் பார்ப்பது இரண்டாவது தடவை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"மார்ச்ல நாலு டெஸ்ட் விழுந்துச்சே. அது அவர் தப்பு இல்லம்மா. நான்தான் எல்லாம் பச்சைன்னு படிச்சேன். தெரிஞ்சேதான் படிச்சேன்."

அவள் காகிதக் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா" என்றாள். "பாத்தேன்னு சார் சொன்னப்பவே தெரியும். அவரால பாக்க முடியாதுன்னு எங்களுக்கெல்லாம் ஒரு வருஷமாவே தெரியும். அவர் சொல்லட்டும்னு இருந்தோம்."

எல்லோருக்கும் தெரிந்ததைத்தான் நான் ஒளித்து வைத்துக் காவல் காத்திருக்கிறேன்.

பன்னிரண்டரைக்கு இவர் வெளியே வந்தார். வெள்ளைக்கோல் கையில். அதை எப்போது வாங்கினார், பையில் எப்போது மடித்து வைத்தார், எனக்குத் தெரியாது. நான் எழுந்து முழங்கையை நீட்டினேன். "நீ முன்னால போ, சத்தம் கேட்டு வரேன்" என்றார்.

"என்ன ஆச்சு?"

"அவங்க ஒரு தப்பு போட்டிருந்தாங்க. நான் ரெண்டு எடுத்துக் குடுத்தேன். இன்னொண்ணு அவங்களுக்கே தெரியாம இருந்துச்சு."

ஜூன் 30, திங்கள்

இருக்கிற வேலையிலேயே தொடரலாம் என்று கடிதம் வந்தது. மின்னஞ்சலில். மழைச் சத்தத்தில் அவரே கேட்டார். கேட்டுவிட்டு, எனக்காக வேகத்தைக் குறைத்து இன்னொரு முறை ஓடவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

கண் மருத்துவமனை. அதே சொட்டு மருந்து, அதே காத்திருப்பு. வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். புது அறிக்கை என் கையில்.

"படி" என்றார்.

மார்ச்சுக்குப் பிறகு இந்தச் சொல்லை அவர் என்னிடம் சொன்னதில்லை.

தாளைப் பிரித்தேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, தாளை மட்டும் பார்த்தேன். ஆஸ்பத்திரியின் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். தேதி. வயது. பார்வை வட்டம், வலது கண் 7 டிகிரி, இடது கண் 4. குறைவு தொடர்கிறது. மீட்க வாய்ப்பில்லை. அடுத்த பரிசோதனை ஆறு மாதம் கழித்து. மருத்துவரின் கையெழுத்து, கீழே முத்திரை. ஒரு வரியும் விடவில்லை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஜனவரி பேப்பர எடு."

கோப்பு மேல்தட்டில் இருந்தது. எடுத்தேன். படித்தேன். வலது 10. இடது 8. போன ஆண்டு 18, 15.

"அன்னைக்கு நான் வேற மாதிரி படிச்சேங்க" என்றேன்.

"தெரியும். ஏப்ரல்லயே அந்த தம்பி ஸ்கேன் பண்ணிக் குடுத்தாரு. மெஷின்ல கேட்டேன்."

மூன்று மாதம். நாங்கள் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம்.

"ஏன் கேக்கல என்னை?"

"நீயா சொல்லுவேன்னுதான்."

நான் அழுதேன். அவர் கையை மேசைமேல் நகர்த்தித் தேடி, என் மணிக்கட்டைக் கண்டுபிடித்தார்.

"ஒண்ணு தெரியுமா டீச்சர்? அந்த மெஷினுக்கு டிகிரி போடற சின்ன வட்டம் சைபரா தெரிஞ்சிருக்கு. வலது நூறு, இடது எம்பதுன்னு படிச்சுது. ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு." மணிக்கட்டை விடாமலே சொன்னார்: "அப்புறம் ஒவ்வொரு சைபர எடுத்துட்டுப் பாத்தேன்."

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"அதுவும் கருணை மதிப்பெண் போடுது. அதனால டாக்டர் பேப்பர் மட்டும் இனிமே நீ படி" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மருந்துச் சீட்டு, மின்கட்டண அறிவிப்பு, மகள் அனுப்பிய வாழ்த்து அட்டை. மூன்றும் படித்தேன். அட்டையில் அவள் எழுதியிருந்த கேலியையும் விடாமல்.

செப்டம்பர் 8, திங்கள்

காலை பத்து மணி. திரைச்சீலையை இப்போது மூடுவதில்லை, வெளிச்சம் கூசுவதில்லை என்கிறார். அறை முழுவதும் வெயில். நான் தேநீரோடு உள்ளே போனேன். மழைச் சத்தம் நின்றது.

"ஒண்ணு பாத்துச் சொல்லு" என்றார்.

"என்ன?"

"ஸ்க்ரீன் எரியுதா, அணைஞ்சிருக்கா?"

திரை அவர் முகத்துக்கு நேரே இருந்தது. வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்திருந்தது. மே மாதம் அது கண்ணை உறுத்தியது.

அவர் காத்திருந்தார்.

"எரியுதுங்க" என்றேன்.

"ம்."

கையை நீட்டி, ஓரத்தை விரலால் தடவி, அணைத்தார். தேநீரை எங்கே வைத்தேன் என்று கேட்டார். சொன்னேன். ஒரு வாய் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினார்.